ஸ்பிரிங்கர் மலையிலிருந்து முதல் 50 கிலோமீட்டர்

புற்றுநோய்க்கான கீமோவும் ரேடியேஷனும் முடிந்து உடம்பு கொஞ்சம் தேறியதும், நிதி திரட்டுவதற்காக நெடுநடை கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்பலாச்சியன் பாதை அவர்களை இழுக்கும் பாதைகளில் ஒன்று. ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைத் தாண்டி, மெயின் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிகிறது. ஏறக்குறைய 3,500 கி.மீ. தெற்கு முனை அட்லாண்டாவிலிருந்து காரில் இரண்டு மணி நேரத் தொலைவுதான் என்பதால், அந்தப் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கும் இது எட்டும் தூரம். இங்கே எழுதப்போவது ஸ்பிரிங்கரிலிருந்து நீல் கேப் என்ற கணவாய் வரையிலான முதல் 50 கி.மீ. பற்றி மட்டும். சிகிச்சை விட்டுப்போன மிச்சங்களெல்லாம் முகம் காட்டுவது இந்த ஐந்தாறு நாட்களில்தான்.

முதல் தவறு பாதை தொடங்கும் முன்பே நடக்கிறது. அமிகலோலா அருவிப் பூங்காவிலிருந்து ஸ்பிரிங்கர் உச்சிக்கு ஓர் இணைப்புப் பாதை உண்டு. அருவியை ஒட்டி 604 படிகள், மொத்தம் 14 கி.மீ. அதன் தொடக்கத்தில் உள்ள கல் வளைவுக்கு அடியில் படம் எடுத்துக்கொண்டு கிளம்புவது ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது அப்பலாச்சியன் பாதையின் கணக்கிலேயே சேராது. வனத்துறையின் மண்சாலை 42 வழியாக வந்தால் உச்சிக்கு ஒன்றரை கி.மீ. பக்கத்திலேயே வண்டி நிறுத்தலாம். அங்கிருந்து உச்சிக்குப் போய், தொடக்கத் தகட்டைத் தொட்டுவிட்டு, வந்த வழியே இறங்குங்கள். முதல் நாளுக்கு அது போதும். ஸ்டோவர் கிரீக் தங்குமிடம் உச்சியிலிருந்து நாலரை கி.மீ. அங்கேயே படுத்துவிடலாம்.

"முதல் நாளே வெறும் நாலரை கி.மீ.யா?" என்று கேட்பார்கள். ஆமாம். புற்றுநோய்க்குப் பிறகு வரும் அசதி, வேலை செய்த களைப்பைப் போன்றதல்ல. தூங்கி எழுந்தால் முழுதாகப் போய்விடாது. நல்ல நாளில் 20 கி.மீ. நடந்துவிட்டு அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடப்பதுதான் இதில் வழக்கமாக நடப்பது. அதனால் முடிகிற தூரத்தை அளவாக வைக்காதீர்கள். மறுநாள் காலை அதே தெம்போடு எழ முடிகிற தூரம்தான் உங்கள் அளவு. முதல் வாரம் நாளுக்கு 8 முதல் 10 கி.மீ. ஏறும்போது ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் வேகம் அதிகம். டாக்ஸோருபிசின் போன்ற, இதயத்தைப் பாதிக்கக்கூடிய கீமோ மருந்து ஏறியவர்கள் கிளம்பும் முன் எக்கோ எடுத்து இதயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கழுத்தில் ரேடியேஷன் வாங்கியவர்கள் தைராய்டையும், எல்லோரும் ஹீமோகுளோபினையும் பார்த்துக்கொள்வது நல்லது. இவை மூன்றில் வரும் கோளாறும் அசதி என்ற பெயரில் ஒளிந்துகொள்ளும்.

அடுத்தது கால். இதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பாக்லிடாக்செல், ஆக்சாலிபிளாட்டின், வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகள் பாதத்தின் நரம்புகளைப் பாதிக்கும். மருந்து நின்று பல மாதம் கழிந்தும் விரல்கள் மரத்தே இருக்கலாம். மற்றவர்களுக்குக் கொப்புளம் வருமுன் ஓர் எரிச்சல் வரும். அவர்கள் உட்கார்ந்து டேப் ஒட்டிக்கொள்வார்கள். மரத்த காலுக்கு அந்த எச்சரிக்கை வராது. மாலையில் காலுறையைக் கழற்றும்போது ரத்தத்தைப் பார்த்துத்தான் விஷயம் தெரியும். எனவே வலியை நம்பாமல் கடிகாரத்தை நம்புங்கள். முதல் மூன்று நாள் மணிக்கு ஒருமுறை காலணியைக் கழற்றி, குதிகால், சுண்டுவிரல், விரலிடுக்கு, நகவோரம் எல்லாம் கண்ணால் பாருங்கள். உள்ளங்காலுக்குச் சிறு கண்ணாடி வேண்டும். சிவந்த இடத்தில் அப்போதே டேப். காலணி உங்கள் அளவைவிட அரை முதல் ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். இறக்கத்தில் நுனியில் இடித்தால், கீமோவில் பலவீனப்பட்ட நகம் கழன்றுவிடும்.

மரத்த காலில் தரை எங்கே இருக்கிறது என்ற உணர்வும் குறையும். வேர்களும் சருகு மூடிய கற்களும் நிறைந்த பாதையில் இரண்டு கைக்கும் கம்பு கட்டாயம். மார்ச்சில் இரவு உறைநிலைக்குக் கீழே போகும். விரல்கள் மரத்தவர்கள் கூடாரக் கம்பியைத் தொடுமுன் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அடுப்பில் வைத்த பாத்திரத்தைப் பிடிக்கும்போதும் அப்படியே. சூடு உறைக்காத கையில்தான் பெரிய தீக்காயம் வரும்.

முதுகுப்பை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 55 கிலோ எடையுள்ளவருக்கு, நான்கு நாள் சாப்பாடும் ஒரு லிட்டர் தண்ணீரும் சேர்த்து 11 கிலோ. பாரத்தின் பெரும்பகுதி இடுப்புப் பட்டையில் உட்கார வேண்டும். காறை எலும்புக்குக் கீழே கீமோ போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் சிறு கருவி) இன்னும் இருந்தால் தோள்பட்டை சரியாக அதன் மேலேதான் விழும். நடுவில் ஓட்டை வெட்டிய தடித்த ஸ்பாஞ்சைப் பட்டைக்கு அடியில் தைத்தால் அழுத்தம் சுற்றிப் பரவும். போர்ட்டைச் சில வாரத்துக்கு ஒருமுறை கழுவிவிட வேண்டும் என்பதால், எந்த ஊரில் எந்த வாரம் என்று முன்பே ஏற்பாடு செய்யுங்கள். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களுக்கு அந்தக் கை வீங்கலாம் என்பதால், மோதிரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும். தினமும் மாலையில் மணிக்கட்டையும் முன்கையையும் அளவு நாடாவால் அளந்து குறித்துவையுங்கள். அந்தக் கையில் சிவப்பு பரவி, கூடவே காய்ச்சலும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதல் 50 கி.மீ.க்குள் சாலைகள் பல இடங்களில் குறுக்கிடுகின்றன, 33 கி.மீ. அருகே வுடி கேப்பில் தார்ச்சாலையே வருகிறது. வண்டியோடு ஒருவர் எங்கே நிற்பார் என்பதைக் கிளம்பும் முன்பே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளிழைகள் வெடித்துவிடும், வெளியே தெரியாது. இரவில் தூக்கப்பைக்குள் வைத்துத் தூங்குங்கள். தங்குமிடங்களில் வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோவைரஸ் பரவுவதுண்டு. சானிடைசர் அதற்குப் போதாது, சோப்பும் தண்ணீரும்தான். நோய் எதிர்ப்பு இன்னும் முழுதாகத் திரும்பாதவர்கள் பொதுக் கூடத்தைவிடச் சொந்தக் கூடாரத்தில் படுப்பது மேல்.

இவ்வளவையும் சமாளிக்கிறவர்களைக்கூடச் சாய்ப்பது, நன்கொடை கொடுத்தவர்களுக்குத் தந்த வாக்கு. "கி.மீ.க்கு இத்தனை டாலர்" என்று அறிவித்துவிட்டால் ஓய்வு எடுக்கும் ஒவ்வொரு நாளும் கடன்பட்டது போல் உறுத்தும். நீல் கேப்பை எட்டும்போது கைபேசித் திரையில் தெரிவது மொத்தத் தூரத்தில் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. தொகையைத் தூரத்தோடு கட்டாதீர்கள். மொத்த இலக்காக வையுங்கள். பணம் உங்கள் கணக்குக்கு வராமல் நேரே நீங்கள் நிதி திரட்டும் அமைப்புக்குப் போகட்டும். செய்திகளுக்குப் பதில் சொல்ல வீட்டில் ஒருவர் இருக்கட்டும். பதிவுகள் இரண்டு நாள் தாமதமாகவே வெளியாகட்டும்.

தொடக்கத்தில் பணம் வராததைக் கண்டு மனம் உடைய வேண்டாம். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக்காலோடு கனடாவின் செயின்ட் ஜான்ஸில் ஓட்டத்தைத் தொடங்கிய டெர்ரி ஃபாக்ஸையும் முதல் நாட்களில் வரவேற்றது கடுங்காற்றும் மழையும் பனியும்தான். பத்தாயிரம் பேர் வாழ்ந்த போர்ட் ஓ பாஸ்க் ஊர் பத்தாயிரம் டாலருக்கு மேல் கொடுத்தபோதுதான் அவருக்கு நம்பிக்கை பிறந்தது. நாளுக்கு ஒரு மராத்தான் என்று 143 நாளில் 5,373 கி.மீ. ஓடினார். நடுவே மருத்துவப் பரிசோதனைகளைத் தவிர்த்தார். தண்டர் பே நகரை நெருங்கியபோது நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. அவர்மேல் எவ்வளவு மதிப்பு இருந்தாலும் அந்த ஒன்றை மட்டும் பின்பற்றாதீர்கள். உங்கள் அடுத்த ஸ்கேன் தேதியைச் சுற்றித்தான் நடைத் திட்டம் அமைய வேண்டும்.

ஐந்தாம் அல்லது ஆறாம் நாள் பிளட் மலை. 1,359 மீட்டர். ஏற்றத்தைவிட நீல் கேப்புக்கு இறங்கும் 400 மீட்டர்தான் முழங்காலைப் பதம் பார்க்கும். பாறைகள் ஈரமாக இருந்தால் அன்று இறங்காதீர்கள். கீழே சாலையோரத்தில் மலையேற்றப் பொருட்கடை இருக்கிறது. அங்கே பையை முழுதாகக் கொட்டி, ஐந்து நாளாகத் தொடாத பொருட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மருந்துப் பையையும் கால் டேப்பையும் மட்டும் குறைக்காதீர்கள். இரண்டு இரவு தங்கி, குறிப்பேட்டில் உள்ள தூரங்களையும் கை அளவுகளையும் எடுத்துவைத்துக்கொண்டு அடுத்த வாரத்தின் திட்டத்தை அங்கேயே திருத்தி எழுதுங்கள்.