உப்பளம் இல்லாத உப்புப் பாடம்

"உங்க இஷ்டம் தம்பி" என்று அந்த டீச்சர் சொன்னதை நான் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அன்றைக்கே ஸ்டோரிபோர்டு அனிமேஷனுக்குப் போயாக வேண்டும், வேறெப்படி எடுத்துக்கொள்வது?

ஆறாம் வகுப்பு அறிவியல், கலவைகளைப் பிரித்தல், அதில் ஆவியாக்கல் பற்றி கணினியில் ஓடும் ஒரு சின்ன மாட்யூல், அதாவது பாடத்துண்டு. டீச்சர் தூத்துக்குடிக்காரர், ஓய்வு பெற்றவர், உப்பளத்தை வைத்தே முழு ஸ்கிரிப்டையும் எழுதியிருந்தார். பாத்தி மாற்றி மாற்றித் தண்ணீர் விடும்போது அடர்த்தி ஏறுவது, உப்புக்கு முன்னாலேயே ஜிப்சம் படிந்துவிடுவது, பாமே என்கிற அடர்த்திக் கணக்கில் 25 டிகிரி வந்தால்தான் உப்பு இறங்குவது, 29, 30 தாண்டினால் மக்னீசியம் உப்புகளும் சேர்ந்து கசந்துவிடும் என்பதால் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிடுவது. எனக்கே பாதி புதிது. ஆறாம் வகுப்புக்கு இவ்வளவு வேண்டுமா என்பது வேறு கேள்வி, ஆனால் நான் வெட்டியது அதற்காக இல்லை.

ஊர்ப் பெயர், பருவம், 'போன பாடத்தில் பார்த்தோமே' என்கிற தொடர்ச்சி எதுவும் வாய்ஸ் ஓவரில் வரக்கூடாது என்பது எங்கள் விதி. வந்தால் அந்தத் துண்டை அடுத்த கோர்ஸில் போட முடியாது. ஒரு சொல்லை மாற்றவும் மறுபடி குரல் பதிவு, மறுபடி சிங்க், மறுபடி பேக்கேஜ், மறுபடி எல்எம்எஸ்ஸில், அதாவது பாடங்களை ஓட்டும் மென்பொருளில், சோதனை. அதனால் உப்பளம் போய்ப் பீங்கான் கிண்ணமும் பர்னரும் வந்தன.

"உப்பளத்தைத் தனி மாட்யூலா வச்சுக்கலாம் டீச்சர், வேணுங்கிறவங்க சேர்த்துக்கட்டும்" என்றேன். நியாயமான யோசனைதானே? அவர், "தனியா வச்சா அது வெறும் ஊர்க்கதை தம்பி. பிள்ளை எதுக்குப் பார்க்கும்?" என்றார். நான் மெட்டாடேட்டா, டேக் என்று ஏதோ விளக்கினேன். அப்போதுதான் அந்த "உங்க இஷ்டம்".

ஸ்கார்ம் என்பது இந்தமாதிரிப் பாடப் பேக்கேஜ்களுக்கான பொதுத் தரநிலை, அதன் 1.2 பதிப்பு வந்தது 2001இல். ஒரு பேக்கேஜ் எந்த எல்எம்எஸ்ஸிலும் ஓடும் என்பதை அது ஓரளவுக்கு உறுதி செய்துவிட்டது. ஓடுவது வேறு, பொருந்துவது வேறு. இந்தத் துறையில் பாடத்துண்டுகளை லெகோ கட்டைகள் என்பார்கள், எதன்மேல் எதையும் செருகலாம். கல்வித் தொழில்நுட்ப ஆய்வாளர் டேவிட் வைலி அந்த உவமையை அப்போதே மறுத்து, அவை அணுக்களைப் போல, எல்லாம் எல்லாவற்றோடும் சேராது என்றார். சூழலோடு ஒட்டியிருக்கும் துண்டுதான் நன்றாகக் கற்றுத்தரும், அதையே வேறிடத்தில் வைப்பதுதான் கஷ்டம் என்பதும் அவர் சொன்னதுதான். எனக்கு இது தெரியாமல் இல்லை, டீச்சரிடம் பேசும்போதும் தெரியும். தெரிந்தும் பட்ஜெட் பக்கம் நின்றேன், இன்றைக்கும் அங்கேதான் நிற்பேன் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் அந்தக் கிண்ணம் மாட்யூல் நன்றாகவே ஓடியது. பக்கத்து மாநிலத் தொகுப்புக்குத் தெலுங்குக் குரல் மட்டும் மாற்றி அப்படியே போனது. (நெல்லூர்ப் பக்கமும் உப்பளம் உண்டு, அது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.) உப்பளத் துண்டுக்கு, எதிர்பார்த்தபடியே, பணம் ஒதுக்கவில்லை.

என்னை உறுத்துவது அதுகூட இல்லை. அதற்கப்புறம் டீச்சர் அனுப்பிய ஸ்கிரிப்டுகளில் நான் வெட்ட ஒன்றுமே இருக்கவில்லை. காந்தம், ஒளி, தாவர உலகம், எல்லாம் விதிப்படி, எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். தாவர உலகத்தில் ஒரு பனைமரம்கூடக் கிடையாது. மேனேஜர் இதைப் பார்த்து, "இவங்களுக்குத்தான் நம்ம ஃபார்மட் நல்லா புரிஞ்சிருக்கு" என்றார். நானும் தலையாட்டினேன், ரிவியூ நேரம் பாதியாகக் குறைந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஒருவேளை டீச்சருக்கே அப்படி எழுதுவது சுலபமாக இருந்திருக்கலாம், கேட்டால் தெரிந்திருக்கும், கேட்கவில்லை.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு உரைநடை விதிகளை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஊர்ப் பெயர் கூடாது என்பது இன்னும் முதல் விதி. போன வாரம் ஒரு பெண், "சார், ஊரை விட்டுட்டா உதாரணம் எங்கேர்ந்து எடுக்கிறது?" என்று கேட்டார். பழைய மாட்யூல்களைப் பாருங்கள் என்று சொல்லி, காந்தப் பாடத்தின் லிங்க்கை அனுப்பினேன்.