ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம்

நெதர்லாந்தில் இருக்கும் அண்ணையின் குடும்பத்தோடு பொனேர் தீவுக்குச் சென்று, பத்து நாட்கள் சுழியோடிவிட்டு முல்லைத்தீவுக்குத் திரும்பி மூன்று வாரங்களாகின்றன. எங்கள் கரையில் கடல் என்பது தொழில். அதற்குள் இறங்கப் பணம் கட்டுவதும், அதையே விடுமுறை என்று சொல்வதும் அம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை. "கடல் பாக்கிறதுக்கு அவ்வளவு தூரம் போகவேணுமோ?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னவற்றையே இங்கும் எழுதுகிறேன்.

வெனிசுவேலாவுக்கு வடக்கே, கரிபியன் கடலில் கிடக்கும் சிறிய தீவு பொனேர். 2010 முதல் அது நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சியாக இருப்பதால் ஆம்ஸ்டர்டாமிலிருந்து நேரே விமானம் உண்டு. கள்ளியும் முட்பற்றையும் வெயிலுமாகக் கிடக்கும் அந்த நிலத்தைப் பார்த்தபோது, வேற்றூருக்கு வந்த எண்ணமே எனக்கு வரவில்லை. ஆனால் முருகைக் கற்கள், அதாவது பவளப்பாறைகள், அங்கே கரையோரத்திலேயே தொடங்கிவிடுகின்றன. வீதியோரம் மஞ்சள் பூசிய கற்களில் சுழியோடும் இடங்களின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள். வாகனத்தை நிறுத்தி, சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு, படகில்லாமல் நடந்தே இறங்கலாம். 'ஆயிரம் படிகள்' என்ற இடத்தில் உள்ளவை எழுபதளவு படிகள்தாம். சிலிண்டரோடு திரும்பி ஏறும்போது அந்தப் பெயர் முற்றிலும் பொருத்தமாகத் தோன்றியது.

தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதும், நீரேற்ற எல்லையிலிருந்து 60 மீற்றர் ஆழம் வரை, 1979இலிருந்து பாதுகாக்கப்பட்ட பூங்காவாக உள்ளது. முருகைக் கல்லின்மேல் நங்கூரம் போட முடியாது. படகுகளை மிதவைகளில்தான் கட்டவேண்டும். கையுறை அணியவும் தடை. வெறுங்கையோடு இறங்குபவர் கல்லைப் பிடிக்கத் தயங்குவார் என்பதே காரணம் என அறிந்தபோது, இதை வகுத்தவர்கள் மனிதரையும் நன்கு அறிந்தவர்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

எனக்குப் பயிற்சியளித்தவர் அத்தீவிலேயே பிறந்த பெண். ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், ஆகவே இறங்கும்போது காதுகளைச் சமப்படுத்தவேண்டும், நீருக்குள் ஒருபோதும் மூச்சை அடக்கக்கூடாது என்று வரிசையாகச் சொல்லிவந்தவர், மேலெழும் பாடத்தில் நெடுநேரம் நின்றார். ஆழத்தில் நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. விரைந்து மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்தாற்போல் அது உடலுக்குள்ளேயே குமிழிகளாகிவிடும். அதனால் நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாமல் எழுந்து, ஐந்து மீற்றர் ஆழத்தில் மூன்று நிமிடம் தரித்து நிற்கவேண்டும். கடைசிச் சுழியோட்டத்தின் பின் குறைந்தது 18 மணிநேரம் விமானமும் ஏறக்கூடாது.

அந்தப் பாடத்தில் நான் அழுதுவிட்டேன். என் சித்தப்பா கடலட்டைக்குச் சுழியோடியவர். ஒருநாள் நான்கு முறை இறங்கி, காற்று முடியும் தறுவாயில் வேகமாக மேலே வந்தார். முழங்கால் உளைவை அலுப்பு என்று எண்ணிப் படுத்தவருக்கு, விடியும்போது கால்கள் இயங்கவில்லை. இன்றும் தடியூன்றியே நடக்கிறார். ஏதோ பட்டுவிட்டது என்று வீட்டில் நேர்த்தி வைத்தோம். குமிழியைப் பற்றி எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் முதன்முறையாக 18 மீற்றர் வரை இறங்கினேன். சிவப்பு நிறம் முதலில் மங்கி, எல்லாம் நீலமும் சாம்பலுமாயின. கிளிமீன்கள் கல்லைக் கொறிக்கும் ஓசை, பக்கத்தில் யாரோ முறுக்குத் தின்பதுபோல் தெளிவாகக் கேட்டது. ஓர் ஆமை எங்களைப் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருந்தது. திரும்பும் வழியில், ஐந்து மீற்றரில் மிதவைக் கயிற்றருகே நின்று, மணிக்கட்டில் கட்டிய சுழியோட்டக் கணினியில் நொடிகள் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மூன்று நிமிடங்களே அப்பயணத்தில் எனக்கு மிகப் பெரியவை. சித்தப்பாவுக்குக் கிடைக்காத நிமிடங்கள் அவை.

தீவின் தெற்கில் உப்பளங்களும் பூநாரைகளும் உண்டு. ஆனையிறவு நினைவுக்கு வந்தது. அருகே, உப்பள அடிமைகளுக்காக 1850இல் கட்டிய குடில்களும் நிற்கின்றன; குனிந்துதான் நுழையமுடியும். அங்கே நாங்கள் அதிகம் பேசவில்லை.

ஊருக்கு வந்ததும் சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தவர், "அஞ்சு மீற்றர் எண்டா எத்தினை பாகம்?" என்றார். பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம். மூன்று பாகத்துக்குச் சற்றுக் குறைவு என்றேன். தரிப்பு மட்டும் போதாது, ஆழத்தில் நிற்கும் நேரத்தையும் இறங்கும் தடவைகளையும் குறைக்கவேண்டும் என்பதையும் சொன்னேன். மறுநாள் காலையில் வாடிக்குப் போனபோது, தொழிலுக்குப் போகும் தன் மருமகனின் படகுக் கயிற்றை மடியில் போட்டு, கையால் பாகம் அளந்து, அந்த இடத்தில் அவர் சிவப்புத் துணி முடிந்துகொண்டிருந்தார். சிவப்பு ஆழத்தில் மங்கிவிடும் என்று சொல்லி, வெள்ளைத் துணி எடுத்துக் கொடுத்தேன்.