அழிக்க அழிக்கத் திரும்பி வரும் பி0171

பழைய பெட்ரோல் கார்களில் ஸ்கேனரில் விழும் எந்த எரர் கோடு உங்களை அதிகம் அலையவைக்கிறது என்று கேட்டால், யோசிக்காமல் பி0171 என்பேன். இன்ஜின் 'லீன்' ஆக ஓடுகிறது, அதாவது உள்ளே போகும் காற்றுக்கு ஈடாகப் பெட்ரோல் சேரவில்லை என்று அர்த்தம். பெட்ரோல் முழுதாக எரிய எடை அளவில் ஒன்றுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அந்தக் கணக்கு தவறுவதைப் பார்த்து இசியுவுக்கு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. பார்த்துச் சொன்ன பாவத்துக்கு முதலில் கழற்றி எறியப்படுவதும் அதுதான்.

சமீபத்தில் எங்கள் ஒர்க்ஷாப்புக்கு வந்த ஒரு காரிலும் இதே கதை. வேறோர் இடத்தில் புது சென்சார் போட்டு எரரை அழித்து அனுப்பியிருந்தார்கள். கொஞ்ச நாள் டாஷ்போர்டில் செக் இன்ஜின் லைட் வரவில்லை. அப்புறம் வந்தது. மறுபடி அழித்தார்கள், மறுபடி வந்தது. "அழிச்சா போயிடுதுங்க, ஆனா போன மாதிரியே வந்துடுது" என்றார் உரிமையாளர். ஸ்கேனரை மாட்டியதும் எங்கள் பையன், "அண்ணே, ஒருதரம் அழிச்சிட்டுப் பாக்கலாமா?" என்றான். தொடாதே, முதலில் ஃப்ரீஸ் ஃப்ரேமை எழுதிக்கொள் என்றேன்.

எரர் பதிவான நொடியில் இன்ஜின் எப்படி இருந்தது என்பதை இசியு சேமித்து வைத்திருக்கும், அதுதான் ஃப்ரீஸ் ஃப்ரேம். வேகம், ஆர்பிஎம், லோடு, கூலன்ட் சூடு எல்லாம் அதில் உண்டு. எரரை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். பேட்டரியைக் கழற்றினாலும் பல வண்டிகளில் அதே கதிதான். இந்தக் காரில் வேகம் பூஜ்ஜியம், ஆர்பிஎம் 750-ஐ ஒட்டி, கூலன்ட் இன்னும் முழுச் சூட்டுக்கு வரவில்லை. நின்றபடி ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது பிடித்த எரர். பெட்ரோல் பம்ப், ஃபில்டர் மேல் இருந்த சந்தேகம் அங்கேயே பாதி குறைந்தது. பம்ப் சோர்ந்துபோனால் வண்டி ஐடிலில் தடுமாறுவதற்கு முன்பே, மேடு ஏறும்போது, மிதித்து ஓட்டும்போதுதான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து பார்த்தது ஃப்யூயல் ட்ரிம். லீன் என்று தெரிந்தால் இசியு சும்மா இருக்காது, கூடுதலாகப் பெட்ரோல் தெளித்துச் சரிக்கட்டும். எத்தனை விழுக்காடு கூட்டுகிறது என்பதுதான் ட்ரிம். ஒற்றை இலக்கத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. 25-ஐ ஒட்டிப் போனால் பெரும்பாலும் எரர் விழும். இந்த எல்லை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இந்த வண்டியில் ஐடிலில் நீண்டகால ட்ரிம், அதாவது இசியு ஓட்ட ஓட்டக் கற்றுவைத்த எண், 20-ஐத் தாண்டி நின்றது. ஆக்சிலேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்தேன். எண் மெல்ல இறங்கி ஐந்தாறுக்கு வந்துவிட்டது.

என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு சோதனைக்கு ஈடாக எதுவும் இல்லை. செலவில்லை, எதையும் கழற்ற வேண்டாம். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரைக் கடக்காமல் எங்கோ திருட்டுக் காற்று நுழைகிறது என்றால், அந்த ஓட்டை ஒரே அளவுதான். ஐடிலில் இன்ஜின் கொஞ்சமாக மூச்சு வாங்கும்போது அதில் கணிசமான பங்கு ஓட்டை வழியாகப் போகும். ஆர்பிஎம் ஏறியதும் அதே ஓட்டைக் காற்று மொத்தத்தில் ஒரு துளியாகிவிடும். எண் இதற்கு நேர்மாறாக, மிதிக்க மிதிக்க ஏறியிருந்தால் பம்ப் பக்கமோ அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சார் பக்கமோ போயிருப்பேன். (ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாமல் மேனிஃபோல்டு, அதாவது காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாய், அதன் அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடும் வண்டிகளில் இது இப்படி வேலை செய்யாது. அவற்றில் காற்று ஒழுகினால் ஐடில்தான் ஏறும்.)

எரர் ஏன் போய்ப் போய் வருகிறது என்பதும் இப்போது புரிந்தது. அழித்தவுடன் கற்றுவைத்த ட்ரிம் பல வண்டிகளில் பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். மறுபடி கற்று, எல்லையைத் தொட்டு, அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் லைட் எரியும். நடுவில் நெடுஞ்சாலையில் நீளமாக ஓட்டினால் கோளாறு கண்ணில் படாது. சென்சார் மாற்றியதால் சரியானதுபோல் தெரிந்தது இந்த இடைவெளிதான்.

புது சென்சார் ஒழுங்காக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டேன். ஏர் ஃபில்டர் பக்கம் கொஞ்சம் புரொபேன் வாயுவைக் காட்டி எரிபொருளைக் கூட்டியதும் அதன் வோல்டேஜ் 0.1-லிருந்து 0.9-க்குத் தாவியது. நல்ல சென்சார். உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, பழையதும் அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஓட்டையைத் தேட, இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, காற்று உள்ளே போகும் இன்டேக் பாதைக்குள் குறைந்த அழுத்தத்தில் புகை ஏற்றினோம். சூடான இன்ஜின் மேல் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்துத் தேடுகிறவர்களும் உண்டு. தீப்பிடிக்கக்கூடிய வேலை, நான் பையன்களை விடுவதில்லை. மேலே எங்கும் புகை இல்லை. விளக்கைத் தாழப் பிடித்துப் பார்த்தால், மேனிஃபோல்டுக்கு அடியில் பிசிவி வால்விலிருந்து (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மறுபடி இன்டேக்குக்கு அனுப்பும் வால்வு) வரும் ரப்பர் ஹோஸின் வளைவில் மெல்லிய இழையாகக் கசிந்தது. மேல்பக்கம் கறுப்பாக, பளபளவென்று, புதுசுபோலவே இருந்தது. அடிப்பக்கத்தை விரலால் அழுத்தியதும் வெடிப்பு வாய் திறந்தது. ஆயில் ஆவியும் சூடும் சேர்ந்து ரப்பரை ஆண்டுக்கணக்கில் தின்றிருக்கின்றன.

ஹோஸை மாற்றி ஓட்டிப் பார்த்ததில் ஐடில் ட்ரிம் மூன்று, நான்கில் வந்து நின்றது. எரரை அப்போதுதான் அழித்தோம். இசியுவின் சுயசோதனைகள் எல்லாம் முடிந்துவிட்டன என்று ஸ்கேனர் காட்டும்வரை வண்டியைக் கொடுக்கவில்லை. அது முடியாமல் 'லைட் வரலையே' என்று சொல்வதில் பொருளே இல்லை.

இனிமேல் இந்த எரர் வராதுதானே என்று கேட்டார் உரிமையாளர். இந்த ஹோஸால் வராது என்றேன். மற்ற ஹோஸ்களுக்கும் இதே வயதுதான் என்பதால், பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸை அடுத்த சர்வீஸில் பார்க்கச் சொல்லி பில்லிலேயே எழுதிக் கொடுத்தேன்.