செக்யூரிட்டி கிளியரன்ஸ்: பழைய குடியும் கஞ்சாவும் எங்கே இடிக்கும்?

கல்லூரியில் இழுத்த கஞ்சாவை நினைத்து, அமெரிக்க அரசின் செக்யூரிட்டி கிளியரன்ஸுக்கு, அதாவது அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதிக்கு, விண்ணப்பிக்கவே தயங்குகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் ஆளைக் கவிழ்ப்பது அந்தப் பழைய கஞ்சா அல்ல. அதைப் படிவத்தில் எழுதாமல் விட்டது.

படிவம் எஸ்எஃப்-86. பிரிவு 23 போதைப்பொருள் பற்றியது. பொதுவாகக் கடந்த 7 ஆண்டுகளைக் கேட்கும். கிளியரன்ஸ் கையில் இருந்தபோது பயன்படுத்தினீர்களா என்பது போன்ற சில கேள்விகளுக்கு அந்த வரம்பு கிடையாது. தேர்வுக்கு முந்தைய இரவு நண்பரிடம் வாங்கிப் போட்ட அடராலும் (மருத்துவர் சீட்டில் மட்டுமே தரும் கவனக்குறைபாட்டு மாத்திரை) இங்கேதான் வரும். பிரிவு 24 மது. எத்தனை கிளாஸ் என்று கேட்காது. குடியால் வேலை, உறவு, பணம் கெட்டதா, போலீஸ் வந்ததா, சிகிச்சைக்குப் போகச் சொன்னார்களா என்று கேட்கும்.

நிறையப் பேர் வழுக்குவது பிரிவு 22-இல். போலீஸ் வழக்குக்கு 7 ஆண்டு என்று படித்ததும் நிறுத்திவிடுகிறார்கள். மது, போதை தொடர்பான குற்றச்சாட்டு என்றால் "எப்போதாவது" என்பதே கேள்வி. 15 வருடத்துக்கு முந்தைய டியுஐ, அதாவது போதையில் வண்டி ஓட்டிய வழக்கு, தள்ளுபடியாகியிருந்தாலும், எழுதியாக வேண்டும்.

2017 ஜூன் 8 முதல் விண்ணப்பதாரரை எடைபோடும் விதிகள் எஸ்இஏடி-4 என்ற அரசு உத்தரவில் உள்ளன: மதுவுக்கு கைட்லைன் ஜி, போதைக்கு எச். மறைத்தால் நேர்மையையும் நடத்தையையும் பார்க்கும் கைட்லைன் ஈ-யும் சேரும். அதிலிருந்து மீள்வது முதல் இரண்டையும்விடக் கடினம். தெரிந்தே பொய் எழுதுவது 5 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றமும்கூட. உண்மையாக எழுதிய பிரிவு 23 பதிலை உங்கள்மீதான குற்றவழக்கில் சாட்சியமாக்க மாட்டோம் என்று படிவமே சொல்கிறது. பயந்து மறைப்பதில் லாபமில்லை.

எத்தனை மாதம் தொடாமல் இருந்தால் போதும்? விதியில் எண் ஏதும் இல்லை. இனி தொடமாட்டேன், தொட்டால் கிளியரன்ஸைப் பறிக்கலாம் என்று கையெழுத்திட்ட உறுதிமொழியும், பழைய சகவாசத்தை விட்டதற்கான அடையாளமும் எடுபடும். மதுவில் சிக்கல் வேறு. குடிநோய் என்று கண்டறிந்து அறவே விடச் சொன்ன பிறகும் "வார இறுதியில் பீர் மட்டும்" என்றால், அதுவே உங்களுக்கு எதிராக எழுதப்படும்.

மாநிலச் சட்டம் கஞ்சாவை அனுமதித்தாலும் இங்கே செல்லாது. ஃபெடரல் சட்டம்தான் கணக்கு. பழைய பயன்பாடு மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது என்று 2021 டிசம்பரில் தேசிய உளவுத்துறை இயக்குநர் வழிகாட்டுதல் தந்தார். இப்போதும் பயன்படுத்துகிறவருக்கு அது உதவாது. போதைப்பொருளைச் சட்டவிரோதமாகப் பயன்படுத்திவருபவருக்குக் கிளியரன்ஸ் தரக்கூடாது என்னும் பாண்ட் திருத்தம் குறுக்கே நிற்கும். கஞ்சா வகைச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெயையும் தவிர்ப்பது நல்லது. லேபிளில் போட்டதைவிட அதிக டிஎச்சி, அதாவது கஞ்சாவில் போதை தரும் பொருள், இருக்கலாம், சோதனையில் காட்டிவிடும்.

மறுப்புக்கான காரணப் பட்டியல், அதாவது எஸ்ஓஆர், வந்தால் பாதுகாப்புத் துறை ஒப்பந்த ஊழியருக்குப் பதில் தர 20 நாள். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக ஏற்கிறேன், மறுக்கிறேன் என்று எழுத வேண்டும். மொத்தமாக ஒரு மறுப்பு செல்லாது. நேரடி விசாரணை வேண்டுமென்றால் அதையும் அந்தப் பதிலிலேயே கேட்டுவிடுங்கள்.