மஞ்சள் இறங்க இரண்டரை மாதம்

அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டை வந்து சேர்வதற்குள் பிள்ளையின் வாந்தி பச்சையாகிவிட்டது. பிறந்து ஒன்பது நாள். குடல் முறுக்கு. அன்றிரவே அறுவை சிகிச்சை. கறுத்துப்போனதை எடுத்தது போக மிஞ்சிய சிறுகுடல் 40 செ.மீ. அப்புறம் வாய்வழி ஒன்றுமில்லை. மார்பு வழியாக ரத்தக்குழாய்க்குள் போட்ட லைன் என்கிற மெல்லிய குழாய் வழியாகத்தான் குளுக்கோஸ், அமினோ அமிலம், கொழுப்பு எல்லாம். டிபிஎன் என்பார்கள்.

நாலாவது வாரம் என் மனைவி டயப்பரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மலம் நனைந்த சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. கண்ணில் மஞ்சள். மலத்துக்கு நிறம் தருவது பித்தத்தில் உள்ள பிலிருபின்; ரத்தத்தில் நேரடி பிலிருபின் 2-ஐத் தாண்டினாலே பித்தம் தேங்குகிறது என்று அர்த்தமாம், எங்களுக்கு 6.4. உயிர் காக்க ஏற்றுகிற சாப்பாடே ஈரலைக் கெடுக்குமா? கெடுக்கும் என்றார் டாக்டரம்மா. குடலில் பால் இறங்காததால் பித்தம் ஓடுவதில்லை; லைனில் தொற்று வந்தால் இன்னும் மோசம்; கொழுப்புக்காக ஏற்றுகிற சோயா எண்ணெயில் உள்ள தாவர ஸ்டெரால்களுக்கும் (கொலஸ்ட்ரால் மாதிரியான பொருள்) பங்கு உண்டு.

அதனால் கொழுப்பை மாற்றினார்கள். சோயா 30 சதவீதம்தான்; மீதியில் எம்சிடி (சுலபமாகச் செரிக்கிற ஒரு வகைக் கொழுப்பு) 30, ஆலிவ் 25, மீன் எண்ணெய் 15. மீன் எண்ணெய் மட்டுமே உள்ள மருந்தை இதே கோளாறுள்ள குழந்தைகளுக்கு அமெரிக்காவில் 2018-லேயே அனுமதித்துவிட்டார்களாம்.

எங்கள் வீடு சுத்த சைவம். ஆச்சியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "பிள்ள பொழைக்கணும்லா? ஏத்தச் சொல்லுய்யா," என்றாள். இதைக் கேட்ட டாக்டரம்மா சிரித்தார். முதலில் ஏற்றிய சோயா பாட்டிலிலேயே முட்டை மஞ்சள்கருச் சத்து உண்டாம். எண்ணெய் தண்ணீரோடு சேர்ந்து நிற்க அதுதான் பிடிமானம். ஆச்சியிடம் இதை நான் சொல்லவில்லை.

புது பாட்டிலைவிட, மூக்குக் குழாயில் மணிக்கு 1 மில்லி என்று தொடங்கிய தாய்ப்பால்தான் பெரிய வேலை செய்தது என்பது என் எண்ணம். அந்த ஒரு மில்லிக்காக என் மனைவி ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து பால் எடுப்பாள். நடுவில் லைனில் தொற்று, குளிர்காய்ச்சல், பிலிருபின் 8. லைனைத் தொடுமுன் நர்ஸ் கை கழுவினாரா என்று அதற்குப் பிறகு கூசாமல் கேட்டேன். நீங்களும் கேளுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பால் ஏற ஏற, 24 மணி நேரம் ஓடிய டிபிஎன்னை 18 ஆக்கினார்கள். ஈரலுக்கு அதுவும் ஓய்வு.

பிலிருபின் 1-க்குக் கீழே வர இரண்டரை மாதம். ஆனால் எங்களுக்கு முதலில் தெரிந்தது டயப்பரில்தான். ஆச்சி தினமும் போனில் கேட்பது ஒரே கேள்வி: "இன்னைக்கு என்ன கலருய்யா?" ஒருநாள் காலை, "மஞ்சக்கிழங்கு அரைச்ச மாதிரி" என்றேன். போனைக் கீழே வைக்காமலே யாரையோ கூப்பிட்டு விளக்கேற்றச் சொன்னாள்.