திகில் படங்களை ஆண்டு வரிசையில் பார்ப்பது

திகில் படங்களை ஆழ்ந்து படிக்க விரும்புகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: அவற்றை வெளியான ஆண்டு வரிசையில் பாருங்கள். மற்ற வகைப் படங்களை முன்பின்னாகப் பார்த்தாலும் பெரிய இழப்பில்லை. ஆனால் திகில் படம், முந்தைய படங்களிலிருந்து பார்வையாளர் எதைக் கற்றுக்கொண்டாரோ அதையே கருவியாக்கி அவரை அச்சுறுத்துகிறது. ஒரு மரபு எப்போது புதிதாக இருந்தது, எப்போது எல்லோரும் எதிர்பார்க்கும் ஒன்றாயிற்று என்ற கணக்குத் தெரியாதவருக்கு அந்த நுட்பம் பிடிபடாது.

1896இல் ஜார்ஜ் மெலியே எடுத்த மூன்று நிமிடப் படத்தில் வௌவால் சாத்தானாக மாறுகிறது, எலும்புக்கூடு தோன்றி மறைகிறது. அதன் நோக்கம் வியப்பூட்டுவது. அச்சம் அதற்குப் பிறகுதான் வந்தது. என் கணக்கில் தொடக்கம், 1920இல் ஜெர்மனியில் ராபர்ட் வீனெ இயக்கிய ‘தி கேபினெட் ஆஃப் டாக்டர் காலிகாரி’. அதில் சுவர்கள் சாய்ந்திருக்கும், ஜன்னல்கள் கோணியிருக்கும், நிழல்கள்கூட அரங்கமைப்பின் மேல் வண்ணத்தால் தீட்டப்பட்டிருக்கும். இரண்டே ஆண்டுகளில் இன்னொரு ஜெர்மானிய இயக்குநர் முர்னாவ், இரத்தக்காட்டேரிக் கதையான ‘நோஸ்ஃபெராட்டு’வில் எதிர்த்திசையில் சென்றார், உண்மையான தெருக்களிலும் மலைகளிலும் படம்பிடித்து, படிக்கட்டில் ஏறும் ஒரு நிழலை மட்டும் கொண்டு அதே கலக்கத்தை உண்டாக்கினார். இந்த ஜெர்மானிய ஒளியமைப்பு ஆட்களோடு சேர்ந்தே ஹாலிவுட்டுக்குப் போயிற்று. 1931இல் யுனிவர்சல் எடுத்த ‘டிராகுலா’வின் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட், ஜெர்மனியில் முர்னாவுடன் பணியாற்றியவர்.

நான் மிக அதிகமாகத் திரும்பிப் பார்த்த காட்சி 1942இல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் உள்ளது. ஆர்.கே.ஓ. நிறுவனம் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளரிடம் குறைந்த செலவில் திகில் படங்களை எடுக்கும் பிரிவை ஒப்படைத்திருந்தது. சிறுத்தையாக மாறும் பெண்ணின் கதை இது, ஆனால் அந்த மிருகத்தை விரிவாகக் காட்டப் பணம் இல்லை. ஆகவே, இயக்குநர் ஜாக் டூர்னர் ஒரு பெண்ணை இரவில் பூங்காவின் மதிலோரமாக நடக்கவிட்டு, அவளுக்குப் பின்னால் இன்னொரு பெண்ணை நடக்கவிட்டார். இருவரும் மாறி மாறித் தெருவிளக்கின் வெளிச்சத்துக்குள் வந்து இருளுக்குள் போகிறார்கள். இசை கிடையாது, இரண்டு ஜோடிக் காலடிகளின் ஓசை மட்டுமே கேட்கிறது. திடீரென ஒரு ஜோடி நின்றுவிடுகிறது. அந்த நொடியிலிருந்து பார்வையாளரின் காது மௌனத்துக்குள் எதையோ தேடத் தொடங்குகிறது. முன்னால் நடப்பவள் வேகம் கூட்டுகிறாள், திரும்பிப் பார்க்கிறாள். அப்போது திரையின் ஓரத்திலிருந்து சிறுத்தையின் சீறலைப் போன்ற ஒலியோடு ஒரு பேருந்து வந்து நிற்கிறது. நடந்தது அவ்வளவுதான். இந்த உத்திக்கு ‘லூட்டன் பஸ்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. பின்னாளில் வந்த எத்தனையோ படங்கள் இந்தப் பேருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு காலடிகளை விட்டுவிட்டன என்பது என் வருத்தம். நின்றுபோன காலடி இல்லாமல் வெடிக்கும் ஒலி உடலைத் துள்ளவைக்கும், மனத்தைத் தொடாது.

1950களின் இறுதியில் பிரிட்டனின் ஹாமர் நிறுவனம் பழைய அரக்கர்களுக்கு வண்ணமும் சிவந்த இரத்தமும் கொடுத்தது. பெரிய திருப்பம் 1960இல் வந்த ‘சைக்கோ’. கதாநாயகி என்று நாம் நம்பிய பெண்ணைப் படம் பாதியைத் தொடுவதற்கு முன்பே ஹிட்ச்காக் கொன்றுவிடுகிறார். நட்சத்திரம் பிழைத்துக்கொள்ளும் என்ற எழுதப்படாத ஒப்பந்தம் அங்கே கிழிகிறது. பெர்னார்ட் ஹெர்மன் கம்பி வாத்தியங்களை மட்டுமே கொண்டு அதற்கு இசையமைத்தார். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு அணங்கு (பேய் போன்ற வருத்தும் சக்தி), விலங்கு, கள்வர், இறை (அரசன், அதிகாரம்) என்று நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. அந்த வகைப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் படங்களைப் பார்க்கும்போது, ‘நோஸ்ஃபெராட்டு’வின் அணங்கும் ‘கேட் பீப்பிள்’ படத்தின் விலங்கும் ஒதுங்கி, 1960இல் அச்சம் பக்கத்து அறை மனிதனுக்கு இடம் மாறுவதை என்னால் தெளிவாகக் காண முடிகிறது. 1968இல் ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ இன்னும் ஒரு படி சென்றது. நடமாடும் பிணங்களிடமிருந்து இரவு முழுவதும் தப்பிய நாயகனை, காப்பாற்ற வந்தவர்களே விடியலில் சுட்டுவிடுகிறார்கள். அச்சத்தின் ஊற்றாக அதிகாரமே நிற்கும் முடிவு அது.

1978இல் ஜான் கார்ப்பென்டரின் ‘ஹாலோவீன்’ கொலையாளியின் கண்வழியாக நகரும் ஒரு நீண்ட காட்சியோடு தொடங்குகிறது. முகமூடி அகற்றப்படும்போது அங்கே நிற்பது ஆறு வயதுச் சிறுவன். அதன் பலன் அந்தக் காட்சியோடு முடிவதில்லை. அதற்குப் பிறகு காமிரா மிதந்து நகரும் ஒவ்வொரு முறையும், யாருடைய பார்வை இது என்ற சந்தேகம் நமக்கு எழுகிறது. அகலத்திரையின் ஓரத்தில் விடப்பட்டிருக்கும் வெற்றிடத்தை நாமே பயத்தால் நிரப்புகிறோம். ஒருவன் ஒவ்வொருவராகக் கொன்றுகொண்டே போகும் இவ்வகைப் படங்களில் கடைசிவரை உயிரோடு எஞ்சி எதிர்த்து நிற்கும் பெண்ணை ‘இறுதிப் பெண்’ என்று 1987இல் ஒரு கட்டுரையில் பெயரிட்டவர் ஆய்வாளர் கேரல் க்ளோவர். அடுத்த பத்தாண்டுக்குள் ‘ஸ்க்ரீம்’ படத்தின் பாத்திரங்கள் இந்த விதிகளைத் தாங்களே ஒப்பிக்கிறார்கள். ஆயினும் அதன் தொடக்கத்திலேயே விளம்பரங்களில் முன்னிறுத்தப்பட்ட நடிகை கொல்லப்படும்போது, ‘சைக்கோ’வை அறிந்தவர்களும் அதிர்ந்தார்கள்.

1999இல் ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ காமிராவைப் பாத்திரங்களின் கையிலேயே கொடுத்துவிட்டது. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்த ஓர் இயக்குநர் அந்தப் பார்வைக்குப் பின்னால் இருக்கிறார் என்ற ஆறுதல் பறிபோகிறது. காடு முழுவதும் சட்டகத்துக்கு வெளியே இருக்கிறது. 2007இல் முதலில் திரையிடப்பட்ட ‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’ இதற்கு நேர்மாறாக, படுக்கையறையில் காமிராவை அசையாமல் நிறுத்தியது. இருவர் உறங்குகிறார்கள், கதவு திறந்திருக்கிறது, திரையின் மூலையில் நேரம் காட்டும் எண்கள் வேகமாக ஓடுகின்றன. பிறகு அந்த ஓட்டம் இயல்பான வேகத்துக்குக் குறைகிறது. எண்கள் வேகம் குறைந்தால் ஏதோ நடக்கப்போகிறது என்பதைப் படம் சில இரவுகளுக்குள்ளேயே நமக்குக் கற்பித்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் இரவுகளில் கதவையும் படுக்கையையும் விட்டுவிட்டு நம் கண்கள் அந்த எண்களையே கவனிக்கின்றன.