டீசல் பம்பை இறக்கச் சொன்னா உடன தலையாட்டாதீங்கோ

என்ர கெப் பழைய டொயோட்டா ஹைலக்ஸ், 3எல் எண்டுற டீசல் எஞ்சின். திருகோணமலையில குச்சவெளிப் பக்கத்தால மீன் ஏத்துறதால விடியப்புறமே வெளிக்கிடோணும், அந்த நேரம் பார்த்துத்தான் அது ஸ்டார்ட் எடுக்காது. இழு இழுவெண்டு இழுத்து, பட்டரி சாகப் போற நேரம் ஒருக்கா குலுங்கி, வெள்ளையாப் புகைச்சு, பிறகு ஒண்டும் நடக்காத மாதிரி ஓடும். அதுக்குப் பிறகு பின்னேரம் மட்டும் எத்தினை தரம் நிப்பாட்டி எடுத்தாலும் பிரச்சினையில்லை.

முதல் போன கராஜில பட்டரி போயிட்டுது எண்டிச்சினம், மாத்தினன், கொஞ்ச நாள் நல்லா இருந்திச்சு, திரும்ப அதே கதை. அடுத்த தரம் போக, பொனட்டைத் திறக்கவே இல்லை, "டீசல் பம்ப் அவுட், இறக்கி ஓவர்ஹோல் செய்யோணும்" எண்டு லட்சத்துக்கு மேல ஒரு கணக்கு. எஞ்சின் சூட்டில ஒரே திறப்பில எடுக்கிற வண்டிக்கு என்னெண்டு பம்ப் பிழைச்சது எண்டு கேட்டன். டீசலை அமுக்கி எஞ்சினுக்கு அடிக்கிற அந்தப் பம்ப் தேஞ்சா அனேகமா சூட்டிலதான் ஸ்டார்ட் எடுக்கக் கஷ்டப்படும், குளிரில இல்லை, டீசல் இளகிக் கசியிறது அப்பதான். மெக்கானிக் பாஸுக்கு அந்தக் கேள்வி பிடிக்கேல்லை. "அப்ப நீங்களே செய்யுங்கோ" எண்டுட்டுப் போயிட்டார்.

சரி, ஸ்டார்ட் எடுக்க முதல் எஞ்சினுக்குள்ள சூடாக்குற ஹீட்டர் பிளக்கைப் பார்ப்பம் எண்டு ஆரம்பிச்சதில இன்னொரு செலவு. எங்கட வெக்கைக்கு ஹீட்டரே தேவையில்லை எண்டு சொல்லுற ஆக்கள் இருக்கினம், அது முழுப்பொய்யுமில்லை, ஆனா இந்த எஞ்சின் டீசலை நேரா சிலிண்டருக்குள்ள அடிக்கிறதில்லை, தலையில, அதாவது ஹெட்டில, இருக்கிற சின்ன அறைக்குள்ள அடிக்குது, ராவு முழுக்க ஆறிக் கிடந்தா காத்தை அமுக்கி வாற சூட்டை அந்தச் சுவரே குடிச்சிடும். அதனால ஓட்டம் கூடின எஞ்சினுக்கு ஊர் எவ்வளவு சூடெண்டாலும் ஹீட்டர் வேணும். இப்ப பிரச்சினை என்னண்டா டொயோட்டாவில 12 வோல்ட் பிளக்கும் இருக்கு, 6 வோல்ட் பிளக்கும் இருக்கு, பார்வைக்கு ரெண்டும் ஒண்டு. என்ர வண்டி 12. ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில பெட்டியைப் பார்க்காம எடுத்துத் தந்தது 6. பூட்டினவுடன நல்லாத்தான் எடுத்திச்சு, பிறகு ஒவ்வொண்டா எரிஞ்சு போச்சு. ஒண்டின்ர நுனி வீங்கி வெளிய வரமாட்டன் எண்டு நிண்டிச்சு, அது உள்ளுக்க முறிஞ்சிருந்தா ஹெட்டைத்தான் கழட்டோணும். கடையில கொண்டுபோய்க் காட்ட, "கரண்ட் சாமான் திருப்பி எடுக்கமாட்டம் அண்ணை" எண்டு சுவரில ஒட்டின கடதாசியைக் காட்டினான் பெடியன். வாங்கேக்குள்ள பிளக்கில அடிச்சிருக்கிற வோல்டை நீங்களே வாசியுங்கோ. பழசு நல்லதோ எண்டு பார்க்க, பிளக்குகளை இணைக்கிற தகட்டைக் கழட்டிப்போட்டு பட்டரி பிளஸில இருந்து ஒரு டெஸ்ட் பல்ப்பால ஒவ்வொண்டாத் தொடுங்கோ. எரிஞ்சா பிளக் உசிரோட இருக்கு, எரியாட்டி செத்திட்டுது.

12 வோல்ட் பிளக் புதுசாப் போட்டும் விடியக் கஷ்டம் போகேல்லை. அப்பதான் ஒண்டு மண்டையில தட்டுப்பட்டிச்சு. ஓர்ஸ் ஹில்ல மச்சான் வீட்டு இறக்கத்தில, மூக்கு கீழ இருக்கிற மாதிரி ராவு நிப்பாட்டினா, விடிய உடன ஸ்டார்ட். எங்கட வீட்டுச் சமதரையில நிண்டா மட்டும்தான் இந்தக் கூத்து. மூக்கு கீழ எண்டா டாங்க் பம்பை விட மேல, டீசல் பின்னால இறங்காது. அப்ப டீசல் வாற வழியில எங்கையோ எயார் எடுக்குது, காத்து உள்ளுக்க போகுது.

இதைச் சொன்னா கராஜ்காரர் வண்டிக்குக் கீழ குனிஞ்சு பார்த்திட்டு "லீக் ஒண்டும் இல்லையே" எண்டுவினம். அங்க டீசல் சொட்டோணும் எண்டில்லை. பம்ப் டாங்கில இருந்து உறிஞ்சுற பக்கம் அது, காத்து உள்ளுக்க போகும், டீசல் வெளிய வராது. நீங்கள் பார்க்க வேண்டியது பில்டருக்கு மேல இருக்கிற கைப்பம்ப். ராவு படுக்கப் போக முதல் அதை அடிச்சு இறுக வச்சிட்டு விடுங்கோ. விடிய விரலால அமத்த, பிதுபிதுவெண்டு வெறும் காத்தா உள்ளுக்க போனா வருத்தம் அங்கதான். இன்னொண்டு, ஸ்டார்ட்டரைச் சுத்தவிடேக்குள்ள ஆரையாவது சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கோ. புகையே வராட்டி டீசல் போகேல்லை. வெள்ளைப் புகை வந்தும் பத்தாட்டி டீசல் போகுது, சூடு காணாது.

இந்த இடத்தில சாம்பல்தீவுப் பக்கம் இருக்கிற வயசான ஒரு டீசல் பாஸைச் சொல்லத்தான் வேணும். மனுசன் பெரிசா ஒண்டும் கதைக்கேல்லை. பில்டருக்கும் பம்புக்கும் இடையில உள்ளுக்க ஓடுறது தெரியிற ஒரு துண்டு கண்ணாடி ஹோஸ் போட்டு, ஓடவிட்டு என்னைக் கூப்பிட்டார். சின்னச் சின்னக் குமிழி வரிசையா ஓடுது. பிறகு ஒரு கேனில டீசல் வச்சு டாங்கை விலத்தி அதில இருந்து உறிஞ்ச விட்டார், குமிழி நிண்டுட்டுது. அப்ப பம்பும் சுத்தம், பில்டரும் சுத்தம், பிழை பின்னால. மீன் ஏத்துற தட்டுக்குக் கீழ, இரும்புக் குழாயில ரப்பர் ஹோஸ் ஏறுற இடத்தில கிளிப்பைக் கழட்டிப் பார்த்தா, ஊசி ஓட்டை. ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியால வடியிற ஐஸ் தண்ணியும் மீன் உப்பும் குழாயைத் தின்டிருக்கு. அந்தத் துண்டை வெட்டி, புது ஹோஸும் ரெண்டு கிளிப்பும் போட்டதுக்கு அவர் கேட்ட காசு பழைய கராஜ்காரர் சொன்னதில பத்தில ஒரு பங்கும் வராது.

அதே உப்பு, பட்டரி மைனஸை எஞ்சினோட இணைக்கிற எர்த் வயரையும் விடேல்லை. மீட்டரின்ர ஒரு முனையை பட்டரி மைனஸிலையும் மற்றதை எஞ்சின் இரும்பிலையும் வச்சுச் சுத்தவிட, ரெண்டு வோல்ட் கிட்டக் காட்டிச்சு. அரை வோல்டுக்கு மேல வரப்படாது. பட்டரி மாத்தினவுடன கொஞ்ச நாள் நல்லா இருந்ததின்ர சூட்சுமம் இதுதான், புதுப் பட்டரி அந்த நட்டத்தையும் தாங்கிக்கொண்டு இழுத்திருக்கு. மொத்தமான வயர் ஒண்டை மைனஸில இருந்து நேரா ஸ்டார்ட்டர் போல்டுக்கு இழுத்தாச்சு. சுத்தாம "டிக்" எண்டு மட்டும் சத்தம் வந்தாலும் முதல் இதைப் பாருங்கோ, பிறகு ஸ்டார்ட்டருக்குள்ள கரண்டைத் தொடுக்கிற செப்புக் காய்கள். அதை மட்டும் தனிய மாத்தலாம், முழு ஸ்டார்ட்டர் வாங்கத் தேவையில்லை.

ஸ்டார்ட் எடுக்க ஸ்பிரே அடிச்சுத் தாறன் எண்டு வாற ஆக்களைக் கிட்ட விடாதீங்கோ, ஹீட்டர் சிவந்து நிக்கிற எஞ்சினுக்குள்ள அது நேரம் தப்பிப் பத்தினா பிஸ்டன் போகும்.

இன்னும் மிச்சம் கிடக்கிறது டாங்க். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில கேன் கேனாச் சேர்த்து ஊத்தின டீசலின்ர கசடு இன்னும் அடியில நிக்குது (சீனக்குடாவில 99 எண்ணெய்த் தாங்கி வச்சிருக்கிற ஊர், நாங்கள் வரிசையில நிண்டம்). மாரி தொடங்க முதல் இறக்கிக் கழுவோணும், போல்ட் எல்லாம் துருப்பிடிச்சு இறுகிப்போச்சு, இப்ப ஒவ்வொரு பின்னேரமும் கொஞ்சம் எண்ணெய் அடிச்சு ஊற விட்டுக்கொண்டிருக்கிறன்.